மேக்கால் பண்ணைக்குப் போகிற பாதை

வடக்குக்கும் தெற்குக்கும் சண்டை தொடங்கிய வருஷம் ஏப்ரல் மாதம் மூன்றாவது சனிக்கிழமையன்று, டல்லி பண்ணைக்கும் மேக்கால் பண்ணைக்கும் நடுவே இருந்த ஏழு மைல் பாதை எட்டு மைல் ஆனது. அதை முதலில் கண்டவன் ஐஷம். அவன் டல்லி துரையின் அடிமை, சணல் தண்டை உடைத்து நார் பிரிக்கிறவன், வயது இருபத்தைந்து. அவன் பெண்டாட்டி லெட்டி மேக்கால் அம்மாளின் அடிமை. எங்கள் கென்டக்கிப் பக்கத்தில் இது சாதாரணம். தெற்கே மாதிரி ஒரு பண்ணைக்கு இருநூறு பேர் இங்கே கிடையாது. ஆறு பேர், மிஞ்சினால் எட்டுப் பேர். அதில் அண்ணன் தங்கை போக, பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் போக, கட்டிக்கொள்ள யார் மிச்சம்? அதனால் புருஷன் ஒரு பண்ணை, பெண்டாட்டி ஒரு பண்ணை. சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் துரை எழுதித் தருகிற அனுமதிச் சீட்டைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு, அந்த வாரத்து அழுக்குத் துணியை மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஆண்கள் நடப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி துவைத்துக் காயப்போடுவாள். திங்கட்கிழமை விடியலில் கொம்பு ஊதுவதற்குள் வெளுத்த துணியோடு திரும்பிவிட வேண்டும். ரோந்து சுற்றுகிற வெள்ளைக்காரர்களுக்கும் அந்த மூட்டை தெரியும். தடியால் அதைக் குத்திப் பார்த்து, "பெண்டாட்டிக்குச் சீர் கொண்டு போறியாடா?" என்று கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள்.

எட்டு மைல் ஆன அன்று ஐஷம் அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தான். லெட்டி வாசற்படியில் நாலு வயது மகள் வைனியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏன்யா, வழியில எவளாவது தண்ணி குடுத்தாளா?" என்று கேட்டாள். பாதை நீண்டுவிட்டது என்று அவன் சொன்னதற்கு, "ஆமா, உனக்காக இழுத்து வச்சிருக்காங்க" என்றாள். மே மாதம் பாதை பத்து மைல் ஆயிற்று. முன்பு ஓர் ஓடையைத் தாண்டினால் போதும், இப்போது இரண்டு ஓடைகள். இரண்டாவது ஓடைக்கு அப்பால் வேலி இல்லாத ஒரு புல்வெளி வந்திருந்தது. யார் கையும் படாத மண், கறுப்பாக, ஈரமாக. அதில் நாலைந்து காட்டத்தி மரங்கள் நூறு வருஷமாக நிற்பவை போல நின்றன. இலையுதிர் காலத்தில் பதினைந்து மைல். கிறிஸ்துமஸுக்குப் பதினெட்டு. அதற்குள் லெட்டி கேலியை நிறுத்திவிட்டாள். அவன் பாதம் வெடித்துக் கிடந்ததைப் பார்த்து ஆட்டுக் கொழுப்பைக் காய்ச்சித் தடவினாள்.

விஷயம் டல்லி துரையின் காதுக்குப் போனது. அவர் நிலம் அளக்கிறவர் ஒருவரைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். சங்கிலியின் ஒரு முனையை ஐஷம் பிடித்தபோது கணக்குப் பதினொன்றரை மைலில் போய் நின்றது, பண்ணை இன்னும் கண்ணில் படவில்லை. அளப்பவர் ஐஷமுக்கு எண்ணத் தெரியாது என்று திட்டிவிட்டு, மறுநாள் கண்காணியைப் பிடிக்கச் சொல்லி அளந்தார். ஏழு மைலும் ஒரு சங்கிலி நீளமும், அவ்வளவுதான். சோம்பேறித்தனத்துக்கு ஐஷமுக்குப் பதினைந்து அடி விழுந்தது. ஆனால் அந்த வீட்டிலும் எல்லாம் சரியாக இருந்ததாகச் சொல்ல முடியாது. துரையின் மூத்த மகன் தெற்குப் படையில் சாம்பல் சட்டை போட்டான், இளையவன் வடக்குப் படையில் நீலச் சட்டை போட்டான். இருவரும் ஒரே நாளில் விடுப்பில் வந்தபோது சாப்பாட்டு மேசை நீண்டு போய், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு உப்பு கேட்டவனுக்கு உப்பு வருவதற்குள் சூப் ஆறிவிட்டது. பரிமாறிய எங்கள் பெண்கள் நடந்து நடந்து கால் வீங்கினார்கள். அதை அளக்க யாரும் சங்கிலி கொண்டுவரவில்லை.

ஐஷமுக்கு மட்டும் நடந்ததல்ல இது. எங்கள் வட்டாரத்தில் வேறு பண்ணையில் பெண்டாட்டி உள்ள இருபத்து மூன்று பேருக்கும் அவரவர் பாதை நீண்டது. பக்கத்து வேலிக்கு அப்பாலேயே பெண்டாட்டியை வைத்திருந்த சைரஸ் என்பவன் அந்த வேலியை ஏறி இறங்க அரை நாள் எடுத்துக்கொண்டான். குதிரையில் போகிறவர்களுக்குப் பாதை பழைய பாதைதான். அவர்கள் கண்ணுக்கு இந்த ஆண்கள் கரும்பாலையில் சுற்றுகிற கோவேறு கழுதை மாதிரி, காலும் நகர்கிறது, வியர்வையும் வழிகிறது, இடம் மட்டும் மாறவில்லை. இதில் ஒரு கொடுமை உண்டு. திரும்பி வருகிற வழி யாருக்கும் நீளவே இல்லை. பெண்டாட்டி வீட்டுக்கு இருபத்து நாலு மைல் நடந்தவன் திரும்பும்போது ஏழே மைலில் டல்லி வாசலில் நிற்பான். திங்கட்கிழமைக் கொம்புக்கு ஒருவனும் ஒரு நாளும் தாமதித்தது கிடையாது.

நான்காவது வருஷம் வசந்தத்தில் ஐஷம் சனிக்கிழமை மத்தியானம் கிளம்பி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தான். ஒரு சோளரொட்டி தின்கிற நேரம் உட்காருவான், மூட்டையைக் கொடுப்பான், போன வாரத்து மூட்டையை வாங்கிக்கொள்வான், எழுந்துவிடுவான். வைனிக்கு அவன் முகத்தைவிட முதுகுதான் நன்றாகத் தெரியும். அந்தச் சமயத்தில்தான் அடிமைகளையும் நீலப் படையில் சேர்க்கிறார்கள், சேர்ந்தவனுக்கு விடுதலை என்று செய்தி வந்தது. சணல் கொட்டகையில் ஆண்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தேசத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிறார்கள், அதனால்தான் நடுவில் இருக்கிற பாதை நீள்கிறது, சண்டை முடிந்தால் இழுப்பு நிற்கும், பாதை சுருங்கிவிடும், ஆகவே போய்ச் சண்டையை முடித்துவிடுவது. சனிக்கிழமை தோறும் நடந்து தேய்ந்தவர்களுக்குத்தான் அப்படி ஒரு கணக்குத் தோன்றும். நாங்களும் அதை நம்பினோம். ஐஷம் அதை லெட்டியிடம் போய்ச் சொன்னான்.

"நீ போயிடுவ. அந்தம்மா என்னை என்ன செய்வான்னு யோசிச்சியா?" என்றாள் லெட்டி. அப்போது அவள் மூன்று மாதம்.

"இப்படியே போனா அடுத்த மாசம் திங்கக்கெழமைதான் வந்து சேருவேன் லெட்டி. வந்தா ஒன் மூஞ்சியப் பாக்கக்கூட நேரம் இருக்காது."

"பாக்காட்டி என்ன. மூட்டை வரும்ல. அதுல நீ இருக்கேன்னு தெரியும்ல."

"துணியக் கட்டிக்கிட்டா நீ குடும்பம் நடத்துவ?"

"இத்தனை நாளு வேற என்னத்த நடத்துனேன்?" என்று அவள் சொன்னாள். ஆனாலும் போகாதே என்று சொல்லவில்லை. அதைப் பிற்பாடு அவள் பல பேரிடம் சொல்லி வருத்தப்பட்டாள்.

இராணுவ முகாம் அறுபது மைலுக்கு அப்பால் இருந்தது. அந்த இருபத்து மூன்று பேரில் பதினான்கு பேர் படையில் சேரக் காலையில் கிளம்பி, வெயில் தாழ்வதற்குள் அங்கே நின்றார்கள். பெண்டாட்டியை விட்டு விலகிப் போகிற பாதைகள் எல்லாமே அந்த நாட்களில் சுருங்கிக் கிடந்தன. ஐஷம் வர்ஜீனியாவில் அகழி தோண்டினான், இரண்டு விரலை இழந்தான், பிறகு டெக்சாஸுக்குக் கப்பலில் அனுப்பப்பட்டான். இங்கே மேக்கால் அம்மாள், "உன் புருஷன்தான் சிப்பாய் ஆயிட்டானே, அவன் வேலையையும் நீயே செய்" என்று லெட்டியைச் சணல் உடைக்க விட்டாள். பனியில் உறைந்த சணலை உடைப்பது ஆண்களுக்கே கை கிழிகிற வேலை. நவம்பரில் பிறந்த பையன் பதினோரு நாள் இருந்தான். அவனுக்குப் பெயர் வைக்க ஐஷமைக் கேட்டு எழுதச் சொல்லியிருந்தாள், கடிதம் வருவதற்குள் குழந்தை போய்விட்டது. எங்களால் அதை இன்றைக்கும் சகிக்க முடியவில்லை. மார்ச் மாதம் சிப்பாய்களின் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் விடுதலை என்று சட்டம் வந்தது. அம்மாள், "புருஷன் எங்கே, காட்டு" என்று கேட்டுச் சிரித்தாள். டிசம்பரில் எல்லோருக்குமே விடுதலை வந்தது. அன்று ஒருவரும் ஆடவில்லை, பாடவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது.

அடுத்த வருஷம் மார்ச்சில் ஐஷம் டெக்சாஸிலிருந்து பதினெட்டே நாளில் எங்கள் வட்டாரமான இந்தக் கவுண்டிக்கு வந்து சேர்ந்தான். படகுத்துறை டல்லி பண்ணைப் பக்கம் என்பதால் அங்கேதான் இறங்க வேண்டியிருந்தது. சட்டைப் பையில் விடுதலைப் பத்திரம், தோளில் மூட்டை. சனிக்கிழமை வரைக்கும் காத்திருந்து, மத்தியானம் கிளம்பினான். ஏன் காத்திருந்தான் என்று கேட்காதீர்கள், பழக்கம் அப்படி. சண்டை முடிந்து வருஷம் ஆகப்போகிறது, பாதை சுருங்கியிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மற்றவர்களின் பாதைகள் சிலது சுருங்கவும் செய்தன. சைரஸ் ஒரே தாவலில் வேலியைத் தாண்டினான், அந்தப் பக்கம் அவன் பெண்டாட்டி வேறொருவனைக் கட்டியிருந்தாள். ஐஷமின் பாதை மட்டும் சுருங்கவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று, அவன் போய்ச் சேரவில்லை. பாதிரியார் அதற்கு நாலு காரணம் சொன்னார். நாலும் வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளில் சொன்னவை, ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.

செய்தி லெட்டிக்குத் தபால்காரர் மூலம் போனது. ஆஷ்பி என்ற வெள்ளைக்காரர், செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் கிழட்டுக் குதிரையில் அந்தப் பாதையில் தபால் கொண்டு போவார். "உன் புருஷனை ரெண்டாவது மைல்ல பார்த்தேன், இன்னும் நடக்கிறான்" என்றார். லெட்டி அன்றைக்கே ஒன்பது வயது வைனியைத் தங்கை டோர்கஸிடம் விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து தானும் நடக்க ஆரம்பித்தாள். இரண்டு பேரும் நடந்தால் பாதி தூரம்தானே என்பது அவள் எண்ணம். அவளுக்கும் பாதை நீண்டது. அப்படியாக ஒரு முனையிலிருந்து ஐஷமும் மறு முனையிலிருந்து லெட்டியும் நடந்தார்கள், நடுவில் ஆஷ்பி வாரம் இரண்டு முறை ஒரு மணி நேரத்தில் இருவரையும் கடந்து போனார். ஒரு முறை மனமிரங்கி ஐஷமைக் குதிரையில் பின்னால் ஏற்றிக்கொண்டார். குதிரை அன்று பகல் முழுக்க ஓடி நுரை தள்ளியது, பக்கத்தில் நின்ற காட்டத்தி மரம் பக்கத்திலேயே நின்றது. ஐஷமே இறங்கிவிட்டான்.

"பேசாம திரும்பிடு ஐஷம்," என்றார் ஆஷ்பி. "ரெண்டு மணி நேரத்துல வீடு போயிடலாம். அங்கேருந்து ரயிலைப் பிடிச்சு, சுத்திக்கிட்டு அந்தப் பக்கமா வா."

"ரயில்ல போயும் பாத்தாச்சுங்க ஐயா. மூணு ஸ்டேஷன் தாண்டி எறங்கினேன், டல்லி வாசல்தான் வந்துச்சு. எப்படித் திரும்பினாலும் நமக்கு அந்த வாசல்தான்."

எங்களில் யார் வேண்டுமானாலும் நடந்து போய் ஐஷமைப் பார்க்கலாம், பேசலாம், புகையிலை கொடுக்கலாம். அவனுடைய சொந்தத்துக்குத்தான் முடியாது. வைனி ஒரு தடவை அப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்று இரண்டு நாள் நடந்து, அழுதுகொண்டு அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள். வருஷங்கள் போயின. நடந்தவரைக்கும் நடப்பது, விதைப்புக் காலம் வந்தால் நின்ற இடத்தில் சோளம் போட்டு, அறுத்து, பையில் கட்டிக்கொண்டு மறுபடி நடப்பது, இதுதான் இருவருக்கும் பிழைப்பு. சண்டை முடிந்தால் எங்கள் ஆட்களுக்கு நிலம் தருவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. கடைசியில் நிலம் கிடைத்தது அவர்கள் இரண்டு பேருக்குத்தான், அதுவும் எந்த வரைபடத்திலும் இல்லாத நிலம். குதிரைமேல் இருந்து ஆஷ்பிக்கு அந்தக் கொல்லைகள் தெரியாது. ஆனால் ஐஷம் சுட்டுக் கொடுக்கிற சோளக் கதிரைத் தின்பார். வெள்ளிக்கிழமை ஐஷமின் அழுக்குத் துணியை லெட்டியிடம் கொண்டு சேர்ப்பார், செவ்வாய்க்கிழமை வெளுத்த துணியைத் திருப்பிக் கொடுப்பார். அரசாங்கத் தபால் பையில் வண்ணான் மூட்டை போகிறது என்று முதலில் முணுமுணுத்தார், பிறகு முணுமுணுக்கவில்லை.

ஒன்பது வருஷத்தில் நெருங்கித்தான் வந்திருந்தார்கள். ஆஷ்பியின் கண்ணுக்கு இருவருக்கும் நடுவே இருநூறு கஜம்தான். ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்க வேண்டும், கேட்கவில்லை. அந்த வருஷம் வைனிக்குப் பதினெட்டு வயது. தாமஸ் என்ற புகையிலைத் தொழிலாளியைக் கட்டிக்கொள்ளப் போவதாகவும் அம்மா வர வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். ஆஷ்பி கடிதத்தைப் படித்துக் காட்டினார்.

"திரும்பினா ரெண்டு மணி நேரத்துல போயிடலாம்," என்றாள் லெட்டி. "ஆனா திரும்ப முதல்லேருந்து வரணும்."

"இன்னும் இருநூறு கஜம்தாம்மா."

"உங்க குதிரைக்கு இருநூறு கஜம். எனக்கு எத்தனை வருஷம்? சொல்லுங்க."

ஆஷ்பி கடிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்தார். லெட்டி அங்கேயே ஒரு பகல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து, "எனக்கு ஒரு பிள்ளைதான் மிச்சம். அவகிட்டயும் முதுகைக் காட்டிக்கிட்டே இருக்க முடியாது. அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க" என்று திரும்பினாள். ஒன்பது வருஷம் நடந்த தூரம் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்தது. கல்யாணத்தில் எங்கள் ஆட்களின் வழக்கப்படி மாப்பிள்ளையோடு விளக்குமாற்றைத் தாண்டும்போது வைனி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் லெட்டி சோள மூட்டையைத் தூக்கிக்கொண்டு மறுபடி முதல் அடியிலிருந்து ஆரம்பித்தாள். ஐஷமுக்கு அது தெரியாது. துணி மட்டும் அந்த வாரம் இரண்டு நாள் தாமதமாக வந்தது என்று சொன்னான்.

மூன்று வருஷம் கழித்து ஓட்டுப் போடக் கிளம்பிய தாமஸை முகமூடி போட்ட ஆட்கள் வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். முகமூடி போட்டிருந்தாலும் பூட்ஸைப் பார்த்து இன்னார் இன்னார் என்று எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் நாங்கள் அறிவோம் என்று தெரியும். நீதிபதி ஒன்றும் தெரியாது என்று எழுதினார். வைனிக்கு மூன்று குழந்தைகள், கடைசிக்கு நாலு மாதம். குத்தகைக்கு எடுத்த வயலில் புகையிலை முதிர்ந்து நின்றது, வெட்ட ஆள் இல்லை. லெட்டி திரும்பி வந்தாள். அந்தப் பருவம் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று இருந்தாள், அடுத்த பருவம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை வைனியின் சமையலறை வாசலில் ஆஷ்பி தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று கேட்டார்.

"அவன்கிட்ட நான் என்னதாம்மா சொல்லட்டும்? ரெண்டு வருஷமா முழுங்கிக்கிட்டு இருக்கேன்."

லெட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை. "வந்துகிட்டு இருக்கேன்னு சொல்லுங்க," என்றாள்.

ஆஷ்பி அதையே சொன்னார். முதல் மாதம் நாக்கு கூசியது என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார், பிறகு பழகிவிட்டது. நாங்களும் பழகிக்கொண்டோம். புகையிலை கொடுக்கப் போகிறவர்கள், மாட்டைத் தேடிப் போகிறவர்கள், ஐஷம் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான், வந்துகொண்டிருக்கிறாள். துணியை லெட்டி வைனியின் முற்றத்தில் துவைத்து அனுப்பினாள். ஒரு முறை ஆஷ்பி வாய் தவறி, அவளுக்கு முழங்கால் வலி அதிகமாக இருக்கிறது என்று உளறிவிட்டார். ஐஷம் பாதையில் அப்படியே நின்றுவிட்டானாம். "மெதுவா வரச் சொல்லுங்கய்யா," என்றானாம். "அவசரம் ஒண்ணுமில்ல. நான் கொஞ்சம் வெரசா நடந்துக்குறேன்." இதை ஆஷ்பி லெட்டியிடம் சொல்லவில்லை. எங்களிடம் சொன்னார், எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட கோழைகள் நாங்கள்.

லெட்டி ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று ஒன்றாம் வருஷம் பிப்ரவரியில் நிமோனியாவில் இறந்தாள். பதினோரு நாள் இருந்த பையனுக்குப் பக்கத்தில் புதைத்தோம். வைனி துணி துவைக்கிற வேலையை எடுத்துக்கொண்டாள். சோப்பு மாறிவிட்டதா என்று ஐஷம் ஒரு தடவை கேட்டிருக்கிறான், ஆமாம் என்று சொல்லியாயிற்று. சில வருஷம் கழித்து ஆஷ்பி வேலையை விட்டு, வார்னர் என்ற இளைஞர் தபாலுக்கு வந்தார். ஆஷ்பி அவருக்குக் குதிரையையும் பைகளையும் ஒப்படைத்தபோது, யார் வீட்டு நாய் கடிக்கும், எந்த ஓடையில் மார்ச்சில் தண்ணீர் ஏறும் என்பதோடு சேர்த்து ஐஷமிடம் சொல்ல வேண்டியதையும் சொல்லிக்கொடுத்தார். வார்னர் ஏன் என்று கேட்கவில்லை. ஐஷமுக்கு இப்போது அறுபத்தாறு வயது. வார்னர் கணக்குப்படி நாலாவது மைலின் பாதியில் நடக்கிறான். பாதை கவுண்டிப் பதிவில் ஏழு மைல் என்றே இருக்கிறது, போன கோடையில் அதற்குச் சரளைக்கல் போட்டார்கள். கல் போடுகிறவர்கள் ஐஷமைச் சுற்றிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

போன வெள்ளிக்கிழமை அவன் வார்னரிடம் துணி மூட்டையைக் கொடுத்துவிட்டு, லெட்டிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறான். வலி இப்போது சுத்தமாக இல்லை என்று வார்னர் சொன்னார். அவள் இறந்த பிறகு இத்தனை வருஷத்தில் அவளைப் பற்றி அவனிடம் சொன்னதில் அது ஒன்றுதான் பொய் இல்லை.

"அப்ப வெரசா வந்துருவா," என்று சொல்லிவிட்டு ஐஷம் நடந்தான்.